ஒரு முத்திரை, மூன்று நாள், ஒரு குடுவை

காரைக்குடியில் எங்கள் ஆய்வகத்தில் செல் வளர்க்கலாம். ஒளிரும் சாயமிட்ட செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டருக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும். எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் ஈஜிஎஃப்ஆர் ஏற்பி (வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் புரதம்) எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது என் வேலை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை, ஐஸில் செல்கள் வைத்த தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருப்பத்தூர், மேலூர் வழியாக பஸ்ஸில் போனேன். அங்கிருந்த அலுவலர் என் அனுமதிக் கடிதத்தைப் புரட்டினார். நெறியாளர் கையெழுத்து இருந்தது. துறைத்தலைவர் முத்திரை இல்லை. "திங்கட்கிழமை வாருங்கள் அம்மா." முன்பதிவுப் படிவத்தில் முத்திரை பற்றி ஒரு வரி இல்லை. உயிருள்ள செல்கள் என்று கெஞ்சியும் பயனில்லை. ஊர் திரும்பியபோது ஐஸ் தண்ணீராகியிருந்தது. அத்தனையையும் கொட்டினேன். இன்றும் வயிறு எரிகிறது.

திங்கட்கிழமை, இன்குபேட்டரில் மிஞ்சிய குடுவையோடு போனேன். அளவீடு சுலபமாக முடிந்தது. ஆனால் ஒளிர்வு, போன மாதம் பார்த்ததைவிட வெகுவாகக் குறைவு. ஏற்பியில் ஒட்டி ஒளிரும் ஆன்டிபாடி கெட்டுவிட்டதென்று ஒரு வாரம் அதையே குற்றம் சொன்னேன். பிறகுதான் நுண்ணோக்கிப் படங்களைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பாதிக்குச் சற்று மேல் நிரம்பியிருந்த குடுவையில் திங்கட்கிழமை ஊசி நுழைய இடமில்லை, செல்களின் ஊட்டத் திரவமும் மஞ்சளாகியிருந்தது.

செல்கள் நெருங்கும்போது ஏற்பிகள் மேற்பரப்பில் குறையக்கூடும். சில உள்ளே இழுக்கப்படும், சில சிதைக்கப்படும். செல்லை உடைத்து மொத்தப் புரதத்தை மட்டும் பார்த்தால், உள்ளே போனவையும் கணக்கில் சேர்ந்துவிடும். இன்னொரு கண்ணியும் உண்டு: நெருக்கமான குடுவையிலிருந்து செல்களைப் பிரிக்க டிரிப்சின் என்ற நொதியை அதிக நேரம் வைக்க வேண்டியிருக்கும், அது மேற்பரப்புப் புரதங்களையே வெட்டும். நான் புரதத்தை வெட்டாமல் செல்களைப் பிரிக்கும் இடிடிஏ கரைசலுக்கு மாறினேன்.

அளக்கும் நாளில் குடுவையைக் கட்டாயம் படம் எடுத்து வையுங்கள். விதைத்த எண்ணிக்கையை எழுதுங்கள். சாயமிடும்போது ஐஸ் மேலேயே வையுங்கள்; சூடேறினால் ஏற்பி ஆன்டிபாடியோடு உள்ளே போய்விடும். கடிதத்தில் நெறியாளர் கையெழுத்து, துறைத்தலைவர் முத்திரை இரண்டையும் வாங்கிவிடுங்கள்.

அடுத்த மாதம் அடர்த்தியாக ஒன்று, அடர்த்தி குறைவாக ஒன்று என இரண்டு குடுவைகளை விதைத்து, ஒரே நாளில், ஒரே ஆன்டிபாடியால் அளந்தேன். திரையில் இரண்டு மேடுகள் தனித்தனியே எழுந்தன. அடர்ந்த குடுவையின் மேடு, ஒளிர்வு குறைவான இடப்பக்கம் தள்ளி நின்றது. பக்கத்தில் இருந்த தொழில்நுட்பர் அண்ணனிடம் விரலால் காட்டினேன்.