தேடும்போது கண்ணில் பட வேண்டுமே

சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் அம்பத்தூர், ஒரகடம் பக்கத்து வாகன உதிரிபாகக் கம்பெனிகள். லிங்க்ட்இன், நௌக்ரி என்று எந்த வேலைத் தளத்தைத் திறந்தாலும் நான் தட்டுவது ஐந்தாறு சொற்கள்தான்: குவாலிட்டி இன்ஜினியர், ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறைத் தரநிலை), பிபிஏபி (உதிரிபாகத்துக்கு வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கும் முறை), சிஎம்எம் (அளவைத் துல்லியமாகப் பார்க்கும் மெஷின்), ஊர், எத்தனை வருட அனுபவம். இவை ப்ரொஃபைலில் இல்லாதவர், பத்து வருடமாக அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் என் திரைக்கு வரமாட்டார். 'டீம் ப்ளேயர்', 'ஹார்ட் ஒர்க்கர்' எல்லாம் ஏராளமாகக் கிடக்கின்றன. அதைத் தட்டி ஆள் தேடியவர் ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

தெரிந்த தம்பி ஒருவர் தன் ப்ரொஃபைலைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். தலைப்பு வரியில் 'சவால்களை எதிர்நோக்கும் துடிப்பான இளைஞர்'. போன் போட்டு, "கம்பெனியில என்னப்பா பண்ற?" என்று கேட்டேன்.

"இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன்ண்ணா. சப்ளையர் அனுப்புற அலுமினிய காஸ்டிங்கை சிஎம்எம்ல அளப்பேன். ரிஜெக்‌ஷன் ஏறுச்சுன்னா அவங்க பிளான்ட்டுக்கே போய் உட்கார்ந்து, ஏன் தப்பாச்சு, எப்படிச் சரி பண்ணாங்கன்னு 8டி ரிப்போர்ட் வாங்கிட்டு வருவேன்."

"இதுல ஒண்ணுகூட ப்ரொஃபைல்ல இல்லையே?"

"எல்லாரும் பண்றதுதானேண்ணா, இதைப் போய் எழுதணுமா?"

அதைத்தான் எழுத வேண்டும். 'சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர், அலுமினிய காஸ்டிங், சிஎம்எம், 8டி, ஒரகடம்' என்று மாற்றினோம். லிங்க்ட்இன் தலைப்புக்கு 220 எழுத்துவரை இடம் உண்டு. ஆனால் தேடல் பட்டியலில், அதுவும் போனில், முன்னால் இருப்பதுதான் தெரியும். அதனால் வேலையின் பெயர் முதலில் வரட்டும். அவருடைய ஆஃபர் லெட்டரில் பதவி வெறும் 'எக்ஸிகியூட்டிவ்'. அனுபவப் பகுதியில் அதை அப்படியே விடச் சொன்னேன். பின்னால் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் அந்தப் பெயரைத்தான் ஒப்பிடுவார்கள்.

சொற்கள் வேண்டும் என்றதும் தெரியாததையும் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. ஸ்கில் பட்டியலில் எஸ்ஏபி (கம்பெனிகள் கணக்கு, சரக்கு எல்லாம் பார்க்கும் சாஃப்ட்வேர்) இருக்கும். அதில் எந்த மாட்யூல், அதாவது எந்தப் பிரிவு என்று கேட்டால், "பக்கத்து சீட்ல பார்த்திருக்கேன் சார்" என்பார்கள். அந்த அழைப்பு அத்தோடு சரி.

நௌக்ரியில் கடைசியாக எப்போது ப்ரொஃபைலைப் புதுப்பித்தார் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆறு மாதமாகத் தொடாததைக் கடைசியில்தான் திறப்போம். இதற்காகவே தினமும் ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக இருப்பவர்களும் உண்டு, பாவம், தப்பில்லை. நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்றால் பலர் வடிகட்டியிலேயே விழுந்துவிடுவார்கள். ராஜினாமா கொடுத்தாயிற்று என்றால் கடைசி வேலை நாளைக் கட்டாயம் போடுங்கள்.

வேலை தேடுகிறேன் என்று காட்டும் லிங்க்ட்இன்னின் 'ஓபன் டு ஒர்க்' வசதியில், படத்தைச் சுற்றி ஊருக்கே தெரியும் பச்சை வளையம் வேண்டாமென்றால் ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டலாம். உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர் கண்ணில் படாமல் லிங்க்ட்இன்காரர்கள் மறைக்கத்தான் பார்ப்பார்கள், ஆனால் முழு உத்தரவாதம் இல்லையென்று அவர்களே சொல்கிறார்கள். உங்கள் கம்பெனிக்கே ஆள் பிடித்துக் கொடுக்கும் என்னைப் போன்ற வெளி ஏஜென்சிக்காரர் கண்ணில் அது படலாம்.

அப்புறம், போன் நம்பர். கல்லூரிக் காலத்து சிம் நம்பரையே விட்டுவைத்திருப்பவர்கள் நிறைய. 'ஸ்விட்ச் ஆஃப்' என்று வந்தால் மெயில் எல்லாம் போட்டுக்கொண்டிருக்க மாட்டோம், பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம்.