அத்தானின் ஸ்குடேரியா

லண்டனில் இருக்கும் அத்தான் நேற்றிரவு வீடியோ கோலில் பிடித்தவர், ஒரு மணித்தியாலம் விடவில்லை. பழைய ஃபெராரி 430 ஸ்குடேரியா ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாராம். 2007இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் மைக்கேல் ஷூமாக்கரே நின்று அறிமுகப்படுத்திய கார். 510 குதிரைவலு. சாதாரண எஃப்430ஐ விட 100 கிலோ குறைவு, கியர் மாற 60 மில்லிசெக்கன். கிழமை நாளில் றோட்டு, ஞாயிறில் ட்ராக் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

நான் திருகோணமலை உவர்மலையில் ஓட்டோ திருத்துகிறவன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அத்தான், ஓடின கிலோமீட்டரைப் பார்த்து மயங்காதீங்கோ. கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கு என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கோ. டயரைக் கழற்றி பிரேக் டிஸ்க்கின் விளிம்பைத் தடவிப் பாருங்கோ. கார்பன் செராமிக், மாற்றுகிற காசுக்கு இங்கே ஒரு ஓட்டோவே வாங்கலாம். ட்ராக்கில் அடித்த வண்டியென்றால் அடித்தட்டில் கீறல் இருக்கும்."

ஊருக்குக் கொண்டுவந்தால் எப்படியிருக்கும் என்றார். கோட்டை வாசலில் மான் படுத்திருக்கும், ஃபெராரி ஹோர்னுக்கும் எழும்பாது என்றேன்.

பின்னால் நின்ற அக்கா அப்போதுதான் வாய் திறந்தா: "ரெண்டு சீட்தானே? பிள்ளையள் எங்கே இருக்கிறது?"

அத்தான் கோலை வைத்துவிட்டார்.