ஸ்பார்ட்டாவின் குழந்தைக் குழியும் என் 40 யூரோவும்

முதலில் கடுப்பைக் கொட்டிவிடுகிறேன். கிரீஸ் நாட்டு ஸ்பார்ட்டா ஊரிலிருந்து திரிப்பி கிராமம் பத்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். போக வர 25 யூரோ என்று பேசித்தான் டாக்சியில் ஏறினேன். திரும்பி வந்து இறங்கும்போது, காத்திருந்த கூலி என்று சொல்லி 40 வாங்கிவிட்டார் டிரைவர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசு அது!

இத்தனை செலவழித்துப் பார்க்கப் போனது டைகெட்டஸ் மலையடிவாரத்தில் உள்ள கயாடாஸ் என்ற பாறைப் பிளவை. பழைய ஸ்பார்ட்டாக்காரர்கள் நோஞ்சானாகப் பிறந்த குழந்தைகளை இங்கேதான் வீசினார்கள் என்று டிரைவர் வழியெல்லாம் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு நடித்தே காட்டினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையைப் பார்த்து, தேறாது என்றால் மலைப் பள்ளத்துக்கு அனுப்பினார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அவர் அந்தக் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். கயாடாஸ் எலும்புகளை ஆராய்ந்தவர்களுக்குப் பச்சைக் குழந்தை எதுவும் கிடைக்கவில்லை. பெரும்பாலும் 18 முதல் 35 வயது ஆண்கள்தான். குற்றவாளிகளைத் தள்ளும் இடம் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அப்போதே சொல்லியிருக்கிறார்.

பிள்ளையை வெளியே விட்டுவிடும் வழக்கம் கிரேக்கத்தில் இல்லாமல் இல்லை. ஏதென்ஸில் வளர்ப்பதா வேண்டாமா என்பது அப்பன் முடிவு. விட்ட பிள்ளையை யாராவது எடுத்துப்போய் அடிமையாக வளர்ப்பதும் உண்டு.

ஆனால் ஸ்பார்ட்டாவைப் பிடித்தாட்டிய கவலை வேறு: ஆள் பற்றாக்குறை. நிலம் பங்கு பிரிந்து, குடிமக்கள் சேர்ந்து சாப்பிடும் பொதுப் பந்திக்குக் கொடுக்க வேண்டிய தானியம் கொடுக்க முடியாமல் போனால் குடியுரிமையே போய்விடும். அப்புறம் யார் நிறையப் பெற்றுக்கொள்வார்கள்? அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே மனைவியோடு வாழ்ந்ததாக இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். பாஞ்சாலி கதைதான், போங்கள்! கி.மு. 371இல் லியூக்ட்ரா என்ற இடத்தில் போரிட்ட 700 ஸ்பார்ட்டாக் குடிமக்களில் 400 பேர் செத்தார்கள். 30,000 காலாட்படையைத் தாங்கக்கூடிய நாட்டில் ஆயிரம் பேர்கூட மிஞ்சவில்லை என்கிறார் அரிஸ்டாட்டில். மூன்று மகன் பெற்றால் படைச்சேவை இல்லை, நான்கு பெற்றால் வரியே இல்லை என்று சட்டம் போட்டும் பார்த்திருக்கிறார்கள்.

சாயங்காலம் 6 யூரோவுக்கு அவரைச் சூப்பும் ரொட்டியும். சூப்பு பிரமாதம், ரொட்டி கல்.

டிரைவருக்கு மூன்று பையன்களாம். படைச்சேவை மட்டும்தான் தள்ளுபடி. வரியை என்னிடம் வசூலித்துவிட்டார்.