கத்தரிக்காயை எண்ணெயில் வேகவிடுங்கள்

கத்தரிக்காய் பிடிக்காது என்று சொல்பவர்களிடம், அதை எப்படிச் சமைத்துச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், சாம்பாரில் தோல் வேறு சதை வேறாகப் பிரிந்து மிதந்த துண்டுகளைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அது காயின் குற்றமன்று, சமைத்த முறையின் குற்றம் என்பது என் உறுதியான எண்ணம். கத்தரிக்காயின் சதை முழுக்க நுண்ணிய காற்றறைகள் நிறைந்தது. தொடக்கத்திலேயே தண்ணீர் ஊற்றி வேகவைத்தால் அந்த அறைகளில் நீர் புகுந்து காய் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. எண்ணெயிலும், தன்னிடமிருந்து வெளிவரும் ஆவியிலும் வெந்தால் குழைவும் கிடைக்கிறது, உருவமும் கெடுவதில்லை.

சமையலின் பாதி கடையிலேயே முடிந்துவிடுகிறது. தோல் பளபளப்பாகவும், காம்பு பச்சையாகவும், அழுத்தினால் சற்றே உள்வாங்கி மீண்டும் எழும்பும் தன்மையுடனும் இருக்கும் காயே பிஞ்சு. தோல் மங்கி மஞ்சள் படர்ந்திருந்தால் உள்ளே விதை முற்றிக் கசப்பேறியிருக்கும். அதை எந்த மசாலாவாலும் திருத்த முடியாது. காயின் மேல் துளை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. காய்த்துளைப்பான் புழு மிகச் சிறியதாக இருக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுவதாலும், அது நுழைந்த வழி காய் வளரும்போது மூடிக்கொள்வதாலும், வெளியில் துளையே தெரியாத காயிலும் புழு இருக்கலாம். ஆகவே முழுக் காயாகச் சமைப்பதாக இருந்தாலும் கீறிப் பார்க்காமல் அடுப்பில் ஏற்றக் கூடாது.

வகையைப் பொறுத்தே செய்முறையும் அமைய வேண்டும். குழம்புக்கும் மசாலா அடைப்பதற்கும் சிறிய உருண்டைக் காய், பொரியலுக்கு நீளக் காய், சுடுவதற்குப் பெரிய குண்டுக் காய். வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம், எண்ணெய்க் கத்தரிக்காய்தான் செய்ய வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது. காம்பிலுள்ள முள் கையைப் பதம் பார்த்தாலும், சமைத்தபின் அதன் ருசிக்கு ஈடு சொல்வது கடினம்.

நறுக்கிய காய் கறுப்பது அதிலுள்ள சில பொருள்கள் காற்றோடு சேர்வதால்தான். உப்புப் போட்ட தண்ணீரிலோ, மோர் கலந்த தண்ணீரிலோ நறுக்கிப் போட்டால் அது பெருமளவு தடைபடும். வதக்குவதற்கு முன் துண்டுகளைத் தண்ணீரிலிருந்து எடுத்து நன்றாக வடியவிட வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தோடு வாணலியில் விழுந்த காய் வதங்குவதில்லை, வேகத்தான் செய்கிறது.

எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டவருக்கு மற்றவை எல்லாம் எளிதாகிவிடும். கால் கிலோ சிறு காய்களின் காம்பை நீக்காமல், அடிப்பக்கத்திலிருந்து முக்கால் பங்கு ஆழம்வரை நான்காகக் கீறிக்கொள்ளுங்கள். தனியா 2 மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு 1 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 5 அல்லது 6, வெந்தயம் கால் தேக்கரண்டி ஆகியவற்றைச் சிறு தீயில் சிவக்க வறுத்து, தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை 2 மேசைக்கரண்டி, தேங்காய்த் துருவல் 3 மேசைக்கரண்டி, உப்பு சேர்த்துத் தண்ணீரில்லாமல் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். இதில் பாதியைக் காய்களுக்குள் அடைத்து, மீதியைக் குழம்புக்காக எடுத்து வையுங்கள்.

அடி கனத்த வாணலியில் 5 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் காய்களை அடுக்குங்கள். கத்தரிக்காய் முதலில் பஞ்சுபோல எண்ணெயை முழுவதும் உறிஞ்சிக்கொள்ளும். பார்ப்பவருக்கு எண்ணெய் போதவில்லை என்று தோன்றும் அந்த நேரத்தில் இன்னும் ஊற்றாமல் பொறுத்திருக்க வேண்டும். சூட்டில் சதையின் காற்றறைகள் அமுங்கத் தொடங்கியதும், உள்ளே போன எண்ணெயில் ஒரு பங்கு தானாகவே வெளியே வரும். தீயைக் குறைத்து, மூடி போட்டு, அவ்வப்போது ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டால், காம்போடு சேரும் இடம்வரை மெத்தென்று வெந்துவிடும். அந்த இடத்தில் கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். அதற்குப் பிறகே சிறிய எலுமிச்சையளவுப் புளியைக் கரைத்து ஊற்றலாம். புளிப்பு எந்தக் காயையும் மெத்தென்று ஆகவிடாமல் தடுக்கும் என்பதால், முன்னதாகப் புளித்தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் உள்ளே ஒரு விறைப்பு தங்கிவிடும். மீதிப் பொடியையும் மஞ்சள்தூளையும் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்டவிடுங்கள். வெல்லம் சிறு துண்டு போதும். சிலர் பூண்டும் சின்ன வெங்காயமும் வதக்கிச் சேர்ப்பார்கள், அதுவும் நன்றாகவே இருக்கும். தக்காளி மட்டும் வேண்டாம் என்பேன், அது புளியின் ஆழத்தைக் குறைத்துவிடுகிறது. மறுநாள் இந்தக் குழம்பு இன்னும் கூடிவரும்.

பொடி தூவிய கறிக்கும் இதே விதிதான். நீளக் காயை நான்காக வகிர்ந்து விரல் நீளத்துக்கு நறுக்கி, எண்ணெயில் மூடாமல் வதக்கி, ஓரங்கள் சிவந்ததும் மேற்சொன்ன பொடியைத் தூவி இறக்க வேண்டும். உப்பைக் கடைசியில் போடுங்கள், முன்னதாகப் போட்டால் காய் நீர் விட்டுக் குழைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் கத்தரிக்காயை முதலில் நன்றாகப் பொரித்தெடுத்துவிட்டுப் பிறகே தேங்காய்ப்பாலும் புளியும் சேர்ந்த குழம்பில் இடுகிறார்கள். எண்ணெய் கூடுதலாகச் செலவாகும், ஆனால் துண்டுகள் குழம்பில் கரையாமல் நிற்பதை வேறு எந்த முறையிலும் இவ்வளவு உறுதியாகப் பெற முடியாது.

எண்ணெய் குறைவாகச் சாப்பிட வேண்டியவர்கள் காயைச் சுடலாம். குண்டுக் காயில் ஒரு பக்கம் நீளமாகக் கீறிப் புழு இல்லையென்று உறுதி செய்துகொண்டு, தோலில் மெல்ல எண்ணெய் தடவி, எரிவாயு அடுப்பின் நடுத்தரத் தீயில் நேரடியாக வைத்துத் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். தோல் கருகிச் சுருங்கி, காய் தளர்ந்து சாய்ந்துவிட்டால் வெந்துவிட்டது. ஒரு பாத்திரத்தில் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்தால் தோல் எளிதில் உரிந்துவரும். அதைத் தண்ணீரில் கழுவவே கூடாது. சுட்ட மணம் அத்தனையும் தண்ணீரோடு போய்விடும். வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி, பெருங்காயத்தோடு அந்தச் சதையை அரைத்தால் துவையல். தயிரில் மசித்துக் கலந்து கடுகு தாளித்தால் பச்சடி.

மசிய வேண்டிய பண்டங்களில் மட்டும் குழைவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சிதம்பரம் கொத்சுக்குக் காயை எண்ணெயில் நன்றாக வதக்கி மசித்து, புளிக்கரைசலும் வறுத்துப் பொடித்த தனியா, மிளகாயும் சேர்க்கிறார்கள். மிளகும் சீரகமும் மணக்கும் சம்பா சாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை. செட்டிநாட்டுக் கோசுமல்லி ஒன்றுதான் என் எண்ணெய் விதிக்கு முழு விலக்கு. காயை வேகவைத்துத் தோலுரித்து மசித்து, புளித்தண்ணீரில் கரைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டுகிறார்கள். இடியாப்பத்தோடு சாப்பிட்டால் அந்த விலக்கை மனமார ஏற்றுக்கொள்வீர்கள்.

காய் மலிந்து கிடக்கும் நாள்களில் வற்றல் போட்டு வைப்பது நல்லது. நீளவாக்கில் நறுக்கிய துண்டுகளை, உப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் மட்டும் போட்டெடுத்து, வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி, ஒடித்தால் சடக்கென்று ஒடியும்வரை நல்ல வெயிலில் காயவிட வேண்டும். பாதி காய்ந்ததை டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். சமைக்கும்போது வற்றலை அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, நல்லெண்ணெயில் வதக்கி, வேகவைத்த மொச்சையோடு புளிக்குழம்பில் சேருங்கள். மாங்காய் வற்றலும் கைவசம் இருந்தால் இரண்டு துண்டு போட்டு, அதற்கேற்பப் புளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.