கால்பெட்டி கைமாறியது

கால் ஆர்மோனியத்தை விற்றுவிடுவது என்று தை மாதத்தில் முடிவெடுத்தேன். முட்டி ஒத்துழைக்கவில்லை. அரை மணி நேரம் மிதித்தால் இரவெல்லாம் தைலம்தான். பங்குனி பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழா நாடகங்கள் தொடங்கிவிடும்; அதற்குள் வாசிக்கிற கைக்குப் பெட்டி போய்விட வேண்டும். வீட்டுக் கூடத்தில் அழகுக்கு வைக்கக் கேட்ட ஒருவர் கூடுதல் விலை சொன்னார். மனம் வரவில்லை.

முதலில் துருத்தி. மின்விசிறியை நிறுத்திவிட்டு, விரல் வைத்து அழுத்தும் கட்டை எதையும் தொடாமல் மிதித்துக் காற்றை நிரப்பி, மடிப்புகளை ஒட்டி ஊதுபத்தியை நகர்த்தினேன். புகை சிதறிய இடமெல்லாம் ஓட்டை. மூன்று மூலைகள் அகப்பட்டன. மெல்லிய ஆட்டுத்தோலை வெட்டி, வச்சிரம் என்கிற காய்ச்சும் பசையால் ஒட்டினேன். வெள்ளைப் பசை சுலபம்தான். ஆனால் காய்ந்தால் மடிப்பு விறைத்துப்போகும், பின்னால் பிரிக்கவும் வராது. வச்சிரமோ வெந்நீர் ஒத்தடத்துக்கே இளகிவிடும். அதைக் காய்ச்சிய நாற்றத்தை மட்டும் வீட்டில் இன்னும் யாரும் மன்னிக்கவில்லை.

அடுத்து ரீடு, காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் பித்தளை நாக்கு. அங்கேதான் கெடுத்தேன். நடு ஸ்தாயியில் ஐந்தாம் கட்டை கொஞ்சம் இறங்கி ஒலித்தது. பித்தளை நாக்கின் நுனியை அரத்தால் உரசினால் எடை குறைந்து சுருதி ஏறும். அடிப்பக்கத்தை உரசினால் இறங்கும். நான்கு இழுப்பு போதும் என்று தெரிந்தும் ஆறு இழுத்தேன். சுருதி மேலே போய் நின்றுகொண்டது. அடியைச் சுரண்டப் பயம். பழைய நாக்கு, ஒடிந்தால் போயிற்று. அப்படியே மூடிவைத்தேன்.

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். நாடகங்களுக்குப் பெட்டி வாசித்துப் பின்பாட்டும் பாடுகிறவர். விலையைக் கேட்கவில்லை. வெறுமனே மிதித்துக் காற்றுச் சத்தத்தைக் கேட்டார். பிறகு 'வள்ளி திருமணம்' நாரதருக்கு வாசிப்பதுபோல் விரலை ஓட்டினார். சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் வராத கருவி என்று அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. விடிய விடிய நாடகம் பார்க்கிறவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஐந்தாம் கட்டையில் விரல் நின்றது.

“அது நான் கெடுத்தது தம்பி.”

“அரம் எடுத்தால் எல்லாருக்கும் கை நீளும் அண்ணே. ஈயம் பற்றவைக்கிற இரும்பு இருக்கிறதா?”

வானொலிப் பெட்டி பழுதுபார்க்க வாங்கியது இருந்தது. ரீடைக் கழற்றி, நாக்கின் நுனியில் கடுகில் பாதியளவு ஈயம் வைத்தார். மாட்டி, மேல் ஸ்தாயிக் கட்டையோடு சேர்த்து அழுத்தினார். இப்போது அதிகமாக இறங்கியிருந்தது. இரண்டு ஒலியும் முட்டிக்கொண்டு 'வாவ் வாவ்' என்று அலைந்தன. பிளேடால் ஈயத்தைச் சுரண்டச் சுரண்ட அலைவு மெதுவாகி, ஒரு கட்டத்தில் அடங்கியது. கைபேசியில் சுருதி பார்க்கும் செயலியை நீட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஜெர்மன் ரீடா அண்ணே?”

அப்பா அப்படித்தான் சொல்வார். ஆனால் முத்திரை எதுவும் கிடையாது. பழைய பெட்டி எல்லாமே ஜெர்மன் ரீடு என்றுதான் விலைபோகிறது. நான் அப்படிச் சொல்லவில்லை. 22,000 கேட்டேன், 18,000 ரூபாய்க்கு முடிந்தது.

பங்குனி இரண்டாம் வாரம் அழைத்தார். ஓர் இரவு முழுக்க வாசித்தாராம். ஒட்டிய மூன்று மூலைகளும் நன்றாக இருக்கின்றனவாம். நான்காவதில் காற்றுப் போகிறதாம். மிச்சத் தோலையும் வச்சிரத்தையும் பையில் எடுத்துவைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை வாடிப்பட்டி பஸ்.