சிவப்பு ஆயிலும் தொண்ணூறு ஆயிலும்

வண்டிக்கடியில் ஆயில் வடிக்கிற டிரெயின் பிளக்கைக் கழற்றியதும் டீ டிக்காஷன் நிறத்தில் ஆயில் வந்தது. அதன் அசல் நிறம் சிவப்பு. ஓடி ஓடிப் பழுப்பேறி அடையாளம் தெரியாமல் போயிருந்தது. நான் ஏமாந்தது அங்கேதான்.

போடிநாயக்கனூரில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவனுக்கு, நாலு சக்கரத்துக்கும் என்ஜின் சக்தி போகிற ஃபோர் வீல் வண்டி புதிதில்லை. விடியுமுன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிற ஜீப்புகளின் அடியில் படுத்துத்தான் தொழில் படித்தேன். அன்று வந்தது ஜீப் இல்லை. கொடைக்கானல் மேல்மலையில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருடைய புது மாதிரி வண்டி. ஃபோர் வீல் போட லிவர் கிடையாது. டேஷ்போர்டில் திருகுகிற சுவிட்ச் ஒன்று மட்டும் இருந்தது. "எல்லா ஆயிலும் மாத்திருங்க தம்பி" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டியோடு கொடுக்கிற கையேட்டுப் புத்தகம் உள்ளே இல்லை. தேடவும் இல்லை நான். கியர் பாக்ஸ், அச்சுகளில் இருக்கும் பல்சக்கரப் பெட்டிகளான முன் கிரவுன், பின் கிரவுன் எல்லாம் முடித்து, சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்து அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கையிலிருந்த 80டபிள்யூ-90 கியர் ஆயிலையே ஊற்றினேன். வடித்த ஆயில் தண்ணீர் மாதிரி ஓடியதைப் பார்த்தேன்தான். வண்டி சூடாக இருக்கிறது, அதனால் இளகியிருக்கும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

மார்கழியில் போன் வந்தது.

"தம்பி, காலையில ஃபோர் வீல் விழ மாட்டேங்குது. லைட்டு மினுக்கிக்கிட்டே கெடக்கு. வெயில் ஏறுனா தானா விழுகுது."

"சத்தம் எதுவும் வருதா சார்?"

"மொனங்குற மாதிரி ஒரு சத்தம். நீங்க ஆயில் மாத்துனதுக்கு அப்புறந்தான்."

கடைசி வரியை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெயில் ஏறினால் சரியாகிறது என்றாலே பாதி விஷயம் விளங்கிவிட்டது. மேல்மலையில் அந்த மாதத்தில் புல்லெல்லாம் உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும். வத்தலக்குண்டு வழியாகப் பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். டிரான்ஸ்ஃபர் கேஸின் ஒரு போல்ட்டில் சின்னத் தகடு ஒன்று மாட்டியிருந்தது. சேற்றைத் துடைத்து, அதிலிருந்த எண்ணைத் தெரிந்த ஒரு சர்வீஸ் அட்வைசருக்குப் போனில் வாசித்தேன். "அது செயின் டைப்புண்ணே, ஏடிஎஃப் தானே ஊத்தணும்" என்றார். ஆட்டோமேடிக் கியர் பாக்ஸுக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கும் ஊற்றுகிற அதே சிவப்பு ஆயில்.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸில் கியரோடு கியர் கடித்துத்தான் சக்தி முன் சக்கரத்துக்குப் போகும். பல்லும் பல்லும் அழுத்தித் தேயும் இடத்தில் பிசுபிசுப்பான படலம் நிற்க வேண்டும்; அதற்குத் தொண்ணூறு சரி. கீழ்க் கியர் ஆயிலில் முங்கிச் சுற்றும்போதே வாரி மேலே இறைத்துவிடும். செயின் டைப்பில் அகலமான ஒரு செயின்தான் சக்தியை முன்பக்க ஷாஃப்டுக்கு இறக்குகிறது. மேல் ஷாஃப்டுக்கும் அதன் பேரிங்குக்கும் ஆயில் தானாகப் போய்ச் சேராது. அடியில் தேங்கியதைச் சின்ன பம்ப் ஒன்று சல்லடை வழியாக உறிஞ்சி அனுப்ப வேண்டும். குளிரில் கெட்டியான தொண்ணூறு ஆயிலை அந்தப் பம்பிடம் கொடுப்பது, சர்பத் குடிக்கிற குழலில் கேப்பைக் கூழைக் குடிக்கச் சொல்வது போல. மேல் பேரிங் காய்ந்துபோய் ஓடுகிறது. கூழுக்குள், ஃபோர் வீலைச் சேர்த்துவிடுகிற ஷிஃப்ட் ஃபோர்க்கும் நகர மாட்டேன் என்கிறது. சுவிட்சைத் திருகினால் ஓடுகிற மோட்டார் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு ஓய்கிறது. டேஷ்போர்டில் விளக்கு மினுக்குகிறது.

ஊற்றியதை வடித்தேன். காந்தத்தில் சாம்பல் நிறக் களி போல இரும்புத் தூள் அப்பியிருந்தது. ஏடிஎஃப் ஊற்றி இருபது கிலோமீட்டர் ஓட்டி, மூலையில் தங்கிய தொண்ணூறும் கரைந்து வரட்டும் என்று மறுபடி வடித்து மறுபடி ஊற்றினேன். மறுநாள் காலை ஃபோர் வீல் விழுந்தது. முனகல் மட்டும் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த மேல் பேரிங்கை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அவர் பாதிக் காசு நீட்டினார், வாங்கவில்லை. அந்தத் தொகை அப்போது எனக்குச் சின்னதும் இல்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரியிடம் ஒரே ஒரு டிரம்தான் இருந்தது, தொண்ணூறு நம்பர். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர், கிரவுன் எல்லாவற்றுக்கும் அதுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1947இல் மஹிந்திரா பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வம்சம்தான் அவர் கைக்கு வந்த வண்டிகள் எல்லாமே. அந்த வம்சத்துக்கு அவர் சொன்னது பெரும்பாலும் பொருந்தியது. அவரிடம் படித்ததில் இன்றுவரை நான் மீறாத ஒன்று உண்டு: வடிகிற பிளக்கைத் தொடுமுன் ஊற்றுகிற பிளக்கைக் கழற்றிப் பார். அது துருப்பிடித்து அசையாமல் நின்றால், ஆயிலை வடித்துவிட்டு நடுத்தெருவில் நிற்பாய்.

ஆனால் பழைய ஜீப்பிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. கியர் ஆயில் டின்னில் எந்த வகை என்று காட்ட ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருப்பதைப் பலர் மார்க் ஷீட் மாதிரி படிக்கிறார்கள். ஐந்து நாலைவிடப் பெரியது, எனவே நல்லது என்று. ஜிஎல்-5 கிரவுனுக்காகச் செய்தது. அங்கே பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தின் பல் கிரவுன் பல்லின் மேல் சறுக்கிக்கொண்டே அழுத்தும். அந்த அழுத்தத்தைத் தாங்கக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து ஜிஎல்-4இல் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். கியர் ஆயில் டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அந்தக் கந்தகத்தினுடையதுதான். இரும்புக்கு நல்லது செய்கிற அதே மருந்து பித்தளை, வெண்கலத்தை அரிக்கக்கூடும். ஜீப்பின் கியர் பாக்ஸில் சின்க்ரோ ரிங் பித்தளை. டிரான்ஸ்ஃபர் கேஸின் நடுக் கியருக்கு இருபுறமும் வெண்கல வாஷர். இப்போது வரும் சில ஜிஎல்-5 ஆயில் பித்தளையைத் தொடாது என்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் சின்க்ரோ ரிங் உரசிப் பிடித்துத்தான் கியரின் வேகத்தைச் சமன் செய்ய வேண்டும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. கியர் போடும்போது கர்ரென்று உறுமும்.

டிரான்ஸ்ஃபர் கேஸில்தான் சின்க்ரோ இல்லையே, அதற்கு மட்டும் ஜிஎல்-5 ஊற்றினால் என்ன என்று ஒரு டிரைவர் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. பதில் அவன் ஜீப்பிலேயே இருந்தது. கியர் பாக்ஸ் லெவல் பிளக்கைத் திறந்தோம், விரலை மடக்கி உள்ளே விட்டாலும் ஆயில் தட்டவில்லை. டிரான்ஸ்ஃபர் பிளக்கைத் திறந்தோம், அரை டம்ளர் வெளியே கொட்டியது. பழைய ஜீப்பில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. வயதான வண்டியில் நடுவிலிருக்கும் பேரிங் வழியாக ஒரு வீட்டு ஆயில் மறு வீட்டுக்குப் போய்விடும். இரண்டுக்கும் இரண்டு ஆயில் ஊற்றினால் ஆறு மாதத்தில் என்ன கலவை ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டிலும் ஒரே ஜிஎல்-4 ஊற்றுவதும், லெவல் பார்த்தால் இரண்டையும் பார்ப்பதும்தான் நான் அந்த வண்டிகளுக்குச் செய்கிறது.

நம்பர் விவகாரம் இதைவிட வேடிக்கை. என்ஜின் ஆயில் 40, கியர் ஆயில் 90, எனவே இது இரண்டு மடங்கு கெட்டி என்று கடைக்காரரே சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு அளவுகோல். நூறு டிகிரி சூட்டில் 40 நம்பர் என்ஜின் ஆயில் 12.5 சென்டிஸ்டோக்கில் (கெட்டித்தன்மையை அளக்கிற அலகு) தொடங்குகிறது, 90 நம்பர் கியர் ஆயில் 13.5இல். ஏறக்குறைய பக்கத்து வீட்டுக்காரர்கள். டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் குளிருக்கானது: 80டபிள்யூவைச் சோதிப்பது மைனஸ் 26 டிகிரியில், 75டபிள்யூவை மைனஸ் 40இல். போடியில் ஓடுகிற ஜீப்புக்கு இந்த இரண்டுக்கும் காசு வித்தியாசம் தவிர வேறொன்றும் தெரியாது. லடாக் போகிறேன் என்று வருகிறவர்களுக்குத்தான் 75டபிள்யூ-90 எடுத்துக் கொடுப்பேன்.

"அண்ணே, சத்தம் வருது, நூத்தி நாப்பது ஊத்துங்கண்ணே" என்று மாதத்துக்கு ஒருவராவது வருவார். ஊற்றினால் சத்தம் அடங்கும். தேய்மானம் அடங்காது, நமக்குக் கேட்காது, அவ்வளவுதான். வண்டியை விற்பதற்கு முன் கியர் பாக்ஸில் வாழைப்பழம் போட்டவர் கதையும் இதே ஜாதிதான். கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை.

மாருதி ஜிப்ஸி தனி ரகம். அதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டவே இல்லை. நடுவில் குட்டையாக ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட் ஓடும். ரப்பர் மவுண்டில் தனியாகத் தொங்கும். ஆயில் கலக்கிற பேச்சே கிடையாது. ஆனால் மொத்தமே 800 மில்லிதான் பிடிக்கும். சீல் லேசாகக் கசிந்து கால் லிட்டர் போனாலே மூன்றில் ஒரு பங்கு போன கணக்கு. சாலையில் ஹை கியரில் ஓடும்போதுகூட 1.409 என்ற விகிதத்தில் கியர்கள் கடித்துக்கொண்டேதான் இருக்கும். ஃபோர் வீல் போடாவிட்டால் அது சும்மா இருக்கும் என்று நினைக்கக் கூடாது. ஒரு லிட்டர் டின்னோடு வருகிறவர் மீதி 200 மில்லியையும் ஊற்றிவிடச் சொல்வார். லெவல் துளையில் வழிந்ததும் நிறுத்திவிட்டு, மீதியை டின்னோடு கையில் கொடுத்துவிடுவேன். அதிகம் ஊற்றினால் சூடேறி நுரைத்து சீல் வழியாகத்தான் வரும். அப்புறம் சீல் போய்விட்டது என்று அதே ஆள் வருவார்.

ஆயில் மேல் பழி போடுகிற புகார்களில் பாதிக்கு ஆயில் பொறுப்பில்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறுகிற ஜீப் ஒன்று இறங்கி வந்து, லிவர் டூ வீலுக்கு வரவே இல்லை, ஆயில் சரியில்லை என்று நின்றது. பயலுக வழியிலே தார் ரோட்டிலும் ஃபோர் வீலிலேயே ஓட்டியிருக்கிறார்கள். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஓடுகிற தூரம் வேறு வேறு. மண்ணில் சக்கரம் சறுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும், தாரில் முடியாது. எல்லாம் முறுக்கேறி கியர் பல் இறுகிப் போகும். வண்டியைப் பத்தடி ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். டொக் என்று ஒரு சத்தம், லிவர் வெண்ணெய் மாதிரி வந்தது. காசு கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

நான் கிலோமீட்டர் பார்க்காமல் ஆயிலை மாற்றச் சொல்வது ஒரே ஒரு சமயத்தில், வண்டி ஓடையில் இறங்கி ஏறியிருந்தால். சூடான டப்பா சில்லென்ற தண்ணீரில் நின்றதும் உள்ளே காற்று சுருங்கும். காற்று போய்வரும் வழியான பிரீதர் சேறு அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மோர் நிறத்தில் ஆயில் வடிந்தால் காரணம் அதுதான். புது ஆயிலுக்கு முன்னால் பிரீதரை ஊதிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எவ்வளவு விலையுள்ள ஆயில் ஊற்றியும் பிரயோஜனமில்லை.

மேல்மலைச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். புத்தகத்தில் பார்த்தோ, தகட்டு எண்ணைச் சொல்லிக் கேட்டோ எந்த ஆயில் என்று உறுதியானதும், ஊற்றுகிற பிளக்குக்குப் பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் எழுதிவிடுவது. என்னிடம் வேலை பழகுகிற பையனிடம் அந்த வேலையைக் கொடுத்தேன். ஏடிஎஃப் என்று எழுதச் சொன்னால், அவன் தமிழில் கொட்டை எழுத்தில் "சிவப்பு" என்று எழுதிவிட்டான். திட்டலாம் என்று போனவன், யோசித்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் மைசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு போன். இங்கே வேலை பார்த்த வண்டி கை மாறிப் போயிருந்தது. அங்கிருந்த மெக்கானிக் பேசினார், தமிழ் பேசத் தெரிந்தவர், படிக்கத் தெரியாதவர். பில்லில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். "வண்டி அடியில மஞ்சள்ல என்னமோ எழுதியிருக்கே, என்னங்க அது?"

"சிவப்புன்னு எழுதியிருக்குங்க" என்றேன்.

"மஞ்சள்லயா?" என்றார்.