35 கிலோ அட்டை

விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிக்கரையை ஒட்டிய ஓர் இருளர் குடியிருப்பு. அங்கே கைக்குழந்தையோடு இருந்த ஓர் இளம் தம்பதிக்கு ரேஷன் அட்டை வாங்கும் வேலையில் தொடக்கம் முதல் கூட இருந்தேன். இதே நிலையில் உள்ள குடும்பங்களுக்கு உதவ நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அட்டை இல்லாததால் அரிசியையே மளிகைக் கடையில் கிலோ கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கூலி வந்த அன்று பருப்பு, மற்ற நாட்களில் வெறும் ரசம். ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பால் கொடுக்கும் ஒரு தாய்க்கு அந்தப் பருப்பு கிடைக்காமல் இருந்ததை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

முதல் முட்டுக்கட்டை பெயர் நீக்கம். இருவர் பெயரும் அவரவர் பெற்றோர் அட்டையில் இருந்தன. ஆதார் எண் பழைய அட்டையோடு இணைந்திருக்கும்வரை புதிய விண்ணப்பம் நகராது. இணையத்தில் நீக்கலாம்தான், ஆனால் அதற்கான ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) அட்டையில் பதிந்த கைப்பேசிக்குத்தான் வரும். கணவனுடைய அப்பாவின் அட்டையில் இருந்த எண்ணோ எப்போதோ செத்துப்போனது. ஆகவே வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுத்து எண்ணை மாற்றிய பிறகுதான் பெயரை நீக்க முடிந்தது. இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் பாதி அலைச்சல் மிச்சம்.

அடுத்தது கள ஆய்வு. பெற்றோர் வீட்டை ஒட்டியே குடிசை போட்டிருப்பவர்களிடம் தனிச் சமையல் உண்டா என்று பார்ப்பார்கள். முதல் விண்ணப்பம் தள்ளுபடியானது. ஆய்வுக்கு வந்தபோது வீடு பூட்டியிருந்ததாம். விடியும் முன் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீடு பகலில் பூட்டித்தானே இருக்கும்! மறுமுறை விண்ணப்பித்ததும் வருகிற நாளை முன்கூட்டியே கேட்டு வாங்கினோம். அன்று மனைவி வேலைக்குப் போகவில்லை. வந்தவர் குனிந்து உள்ளே பார்த்தார். மண் அடுப்பில் தணல் அணையவில்லை, பக்கத்தில் கஞ்சிப் பானை, சுவரோரம் இரண்டு தட்டுகள். மாமியார் அடுப்பு வெளியே தனியாக இருந்தது. குறித்துக்கொண்டு போனார்.

அட்டை வந்தது. ஆனால் அதில் 'பிஎச்எச்' (முன்னுரிமைக் குடும்பம்) என்று மட்டுமே அச்சாகியிருந்தது. 'பிஎச்எச் - ஏஏஒய்' என்றிருந்தால்தான் அது அந்தியோதயா அட்டை, அதாவது மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கான அட்டை. மாதம் 35 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கும். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகங்களில் இருளரும் ஒன்று. இத்தகைய குடும்பங்களை அந்தியோதயாவில் சேர்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003 மே மாதத்திலேயே உத்தரவிட்டிருக்கிறது. கேட்டதற்கு, இடம் காலியில்லை என்றார்கள். கணவனிடம் கோட்டாட்சியர் வழங்கிய சாதிச் சான்றிதழ் இருந்தது. அதன் நகலை இணைத்து, உத்தரவைக் குறிப்பிட்டு, ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் அவளே மனுவைக் கொடுத்தாள். சான்றிதழ் இல்லாத குடும்பங்கள் முதலில் அதற்கு விண்ணப்பிப்பது நல்லது; அதற்குத்தான் அதிக காலம் பிடிக்கும். மனுவின் ஒப்புகைச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், அதைக் காட்டித்தான் தொடர்ந்து கேட்க முடிந்தது. சில மாதங்களில் அட்டை மாறியது.

செங்கல் சூளைப் பருவம் வந்ததும் குடும்பம் திருவள்ளூர் பக்கம் போய்விட்டது. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். ஆனாலும் அங்கிருந்த கடையில், "உங்கள் ஊர்க் கடைக்கே போம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். 1967 என்ற இலவசப் புகார் எண்ணை அவளிடம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். கடை வாசலிலேயே நின்று அவள் பேசினாள். அன்று சாயங்காலம் அரிசி போட்டார்கள்.